விசில் ஒருவரிடம், ஆட்டம் நாலு பேர் கண்ணில்

1986 ஜூன் 22. மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கும் இங்கிலாந்துக்கும் உலகக் கோப்பைக் கால் இறுதி. 51ஆவது நிமிடத்தில் மரடோனா எகிறிக் குதித்து, இடது கையால் பந்தைத் தட்டி வலைக்குள் போட்டார். இந்தக் கதை தெரியாத கால்பந்து ரசிகர் கிடையாது. மரடோனாவைப் பற்றியும் கோல்கீப்பர் ஷில்டனைப் பற்றியும் பேசித் தீர்த்தாயிற்று. பந்து வலையில் விழுந்த பிறகு வந்த சில விநாடிகளில் நடுவருக்கும் லைன்ஸ்மேனுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் அதிகம் பேர் கவனித்ததில்லை.

நடுவர் துனிசியாவின் அலி பென்னாசர். ஷில்டனும் மரடோனாவும் காற்றில் இருந்தபோது அவர்களின் முதுகுதான் தனக்குத் தெரிந்தது, முகம் லைன்ஸ்மேன் பக்கம் இருந்தது என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தயங்கிப்போய், பக்கக்கோட்டில் நின்ற பல்கேரியாவின் போக்தான் டோச்செவைப் பார்த்தார். டோச்செவ் நடுக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அப்படிப் போனால் 'கோல் சரி' என்று பொருள். சக நடுவர் நம்மைவிட நல்ல இடத்தில் இருந்தால் அவர் பார்வையை மதிக்க வேண்டும் என்று ஃபிஃபா சொல்லியிருந்தது, அதன்படி நடந்தேன் என்கிறார் பென்னாசர். டோச்செவ் சொன்னதோ வேறு. ஏதோ சரியில்லை என்று தனக்கும் உடனே பட்டது, ஆனால் முடிவைப் பற்றி நடுவரோடு விவாதிக்க அந்தக் காலத்து நடைமுறை இடம் தரவில்லை என்றார்.

அதாவது ஒருவருக்குத் தயக்கம், இன்னொருவருக்குச் சந்தேகம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இவர் அவரை நம்பி முடிவெடுத்தார். அவர் இவர் முடிவெடுத்துவிட்டார் என்று பேசாமல் இருந்தார்.

நடுவர்களின் பெரிய தவறுகள் என்று பேசப்படுபவற்றை எடுத்துப் பார்த்தால், கண் தவறியவை இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒருவர் கண்டது இன்னொருவருக்குப் போய்ச் சேராததால் நடந்தவையும் கணிசமாக இருக்கின்றன. கேமராக்களை எத்தனை கூட்டினாலும் இந்த இரண்டாவது வகைத் தவறு தானாகப் போகாது. அதைச் சரிசெய்வது பேச்சும் பழக்கமும்தான். நடுவர்களைத் திட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இதைப் புரிந்துகொள்ளச் செலவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

முடிவு ஒருவர் கைக்கு வந்த கதை

ஆரம்பத்தில் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு அணியும் தனக்கென ஓர் அம்பயரை அழைத்துவரும். ஆட்டக்காரர்கள் முறையிட்டால் அம்பயர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். இருவருக்கும் ஒத்துவராவிட்டால், மைதானத்துக்கு வெளியே இருந்த நடுவரிடம் போவார்கள். 1891இல் இது தலைகீழானது. நடுவர் மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் இருவரும் கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன்கள் ஆனார்கள். பெனால்டி கிக் வந்ததும் அதே ஆண்டுதான்.

அன்று முதல் இன்றுவரை விதி ஒன்றுதான்: மற்றவர்கள் சைகை காட்டலாம், தகவல் சொல்லலாம், ஆலோசனை தரலாம், முடிவு நடுவருடையது. லைன்ஸ்மேன், இன்றைய பெயரில் துணை நடுவர், கொடியைத் தூக்கியும் நடுவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். ஒரே ஆள் முடிவெடுப்பதால் ஆட்டம் வேகமாக நகர்கிறது, சச்சரவு குறைகிறது. ஆனால் பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போது, பார்த்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை ஆகிவிடுகிறது.

மைதானத்தில் யார் எங்கே நிற்பது என்பதுகூட இந்த வேலையைச் சுலபமாக்கத்தான். இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மூலைவிட்ட முறை 1930களில் பரவியது. இவர்தான் பிறகு 1961 முதல் 1974 வரை ஃபிஃபா தலைவராக இருந்தவர். நடுவர் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடுவார். துணை நடுவர்கள் எதிரெதிர்ப் பக்கக்கோடுகளில், ஆளுக்கு ஒரு பாதி மைதானத்தைக் கவனிப்பார்கள். இப்படி ஓடினால் ஆட்டம் எங்கே நடந்தாலும் அது பெரும்பாலும் நடுவருக்கும் ஒரு துணை நடுவருக்கும் நடுவில் இருக்கும். ஒரே மோதலை இருவரும் எதிரெதிர்க் கோணத்தில் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், பந்தைப் பார்க்கும்போதே நடுவர் கண்ணில் துணை நடுவரும் விழுவார். முதுகு திருப்பி நின்றுவிட்டால் கொடி உயர்ந்தது யாருக்குத் தெரியும்?

கொடியில் சொல்வது

கொடியை வைத்துச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் நிறைய அடங்கியிருக்கிறது. ஆஃப்சைடு (பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகில் நின்று ஆட்டத்தில் குறுக்கிடுவது) என்றால் முதலில் கொடியை நேராக உயர்த்த வேண்டும். நடுவர் விசில் அடித்ததும் கொடி இறங்கும் சாய்வு இடத்தைச் சொல்லும். மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் எதிர்ப் பக்கம், கிடையாக இருந்தால் மைதானத்தின் நடுப்பகுதி, கீழ்நோக்கி இருந்தால் தனக்கு அருகில். ஃபவுல் என்றால் உயர்த்திய கொடியை லேசாக அசைக்க வேண்டும், வேகமாக ஆட்டக் கூடாது. கோல் தெளிவாக விழுந்திருந்தால் கொடியே உயராது. நடுவரின் கண்ணைப் பார்த்துவிட்டு, பக்கக்கோட்டை ஒட்டி நடுக்கோட்டை நோக்கி 25, 30 மீட்டர் விரைந்து ஓட வேண்டும். பந்து கோட்டைத் தாண்டிவிட்டு வெளியே திரும்பி வந்திருந்தால் மட்டும், முதலில் கொடி, அப்புறம் ஓட்டம்.

எந்தக் கையில் கொடியைத் தூக்குகிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. அடுத்து எந்தத் திசையைக் காட்டப்போகிறாரோ அந்தக் கையில்தான் உயர வேண்டும். கை மாற்ற வேண்டி வந்தால் இடுப்புக்குக் கீழே மாற்றிக்கொள்ள வேண்டும். உயர்த்திய பிறகு தலைக்கு மேல் கை மாற்றினால், முடிவை மாற்றுகிறார் என்று இரண்டு அணிகளும் கத்த ஆரம்பித்துவிடும்.

இவையெல்லாம் அரங்கத்துக்கே தெரியும் சைகைகள். நடுவர்களுக்குள் மட்டும் போகும் சின்னச் சைகைகள் வேறு இருக்கின்றன. த்ரோ-இன் யாருக்கு என்று துணை நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பந்து வெளியே போய்விட்டது என்பதற்காகக் கொடியைத் தூக்குவார், திசை காட்டமாட்டார். நடுவரின் கண்ணைப் பார்ப்பார். நடுவர் மார்புக்கு நேராக விரலைச் சற்றே ஒரு பக்கம் காட்டுவார். உடனே கொடி அந்தப் பக்கம் சாயும். பார்ப்பவர்களுக்கு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்ததுபோல இருக்கும். விசில் ஒரு பக்கமும் கொடி எதிர்ப் பக்கமும் காட்டினால் அந்த த்ரோ-இன் போனது போகட்டும், அடுத்து வரும் பெரிய முடிவை யார் நம்புவார்கள்?

துணை நடுவரின் திறமையில் பாதி, கொடியைத் தூக்காமல் இருப்பதில் இருக்கிறது. ஃபவுலுக்குக் கொடி தூக்கும் முன் அவர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. நடுவர் பார்வைக்கு இது மறைந்திருந்ததா? அவர் பார்த்திருந்தால், தாக்கும் அணிக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று ஆட்டத்தைத் தொடர விட்டிருப்பாரா? நடுவர் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கை காட்டிய மோதலுக்கு, நாற்பது மீட்டர் தள்ளி நிற்பவர் கொடி தூக்கினால் உதவியாக இருக்காது.

கலந்து பேச வேண்டிய நேரத்திலும் ஒரு முறை இருக்கிறது. துணை நடுவர் இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வரலாம். பேசும்போது இருவரும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கக் கூடாது. இருவருமே மைதானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பேசுவது ஆட்டக்காரர்கள் காதில் விழக் கூடாது, பேசும் நேரத்தில் அங்கே நடப்பதும் கண்ணிலிருந்து தப்பக் கூடாது. கைகலப்பு என்றால் அருகில் இருக்கும் துணை நடுவர் உள்ளே போய் உதவலாம், தூரத்தில் இருப்பவர் நகராமல் நின்று யார் யாரை அடித்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஓடிப்போய் விலக்கிவிட்டால், யாருக்குச் சிவப்பு அட்டை என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆஃப்சைடு என்னும் கூட்டுக் கணக்கு

ஆஃப்சைடு துணை நடுவரின் தனி முடிவு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சக ஆட்டக்காரர் பந்தைத் தொட்ட நொடியில் இவர் எங்கே நின்றார்? பந்தை உண்மையில் தொட்டது சக ஆட்டக்காரர்தானா, எதிரணி டிஃபென்டரா? ஆஃப்சைடு இடத்தில் நின்றவர் ஆட்டத்தில் குறுக்கிட்டாரா?

முதல் கேள்விக்குத் துணை நடுவரைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் மைதானத்தில் கிடையாது. கடைசிக்கு முந்தைய டிஃபென்டருக்கு நேராக, அல்லது பந்து அதைவிடக் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் பந்துக்கு நேராக நிற்பதுதான் அவர் வேலை. ஒரு மீட்டர் முன்னே பின்னே நின்றால் கோணம் மாறி, சரியாக நிற்பவர் ஆஃப்சைடில் நிற்பதுபோலத் தெரியும். கவனக்குறைவு இல்லாமலேயே கோணத்தினால் மட்டும் தவறு வரும் என்பதை 2000இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டாவது கேள்வி வந்ததும் அவர் தடுமாறலாம். கார்னர் கிக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் முண்டியடிக்கும்போது பந்து கடைசியாக யார் தலையில் பட்டது என்று பக்கவாட்டிலிருந்து சொல்வது கஷ்டம். நடுவருக்கு அது தெரிய வாய்ப்பு அதிகம். மூன்றாவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாரா என்பது, பந்து அடித்த இடத்துக்கும் கோல்கீப்பரின் கண்ணுக்கும் இடையில் இழுக்கும் கோட்டைப் பொறுத்தது. பக்கக்கோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோடு தெரியாது. பெனால்டி பாக்ஸுக்கு வெளியே கோலைப் பார்த்தபடி நிற்கும் நடுவருக்குத் தெரியும்.

அப்படியானால் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? துணை நடுவர் 'ஆஃப்சைடு' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் போகிறது. 'இருபதாம் நம்பர் ஆஃப்சைடு இடத்தில் நிற்கிறார், பந்தைத் தொடவில்லை, கோல்கீப்பருக்கு முன்னால் நின்றாரா என்பது உங்கள் பக்கம்' என்று சொன்னால் முழுத் தகவல். எனக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறார். மிச்சத்தை நடுவர் நிரப்பிக்கொள்வார்.

2024 அக்டோபரில் வுல்வ்ஸ் அணிக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் 95ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்ட கோல் இதற்கு நல்ல உதாரணம். பெர்னார்டோ சில்வா கோல்கீப்பருக்கு அருகில் ஆஃப்சைடு இடத்தில் இருந்தார் என்று களத்தில் கோலை மறுத்தார்கள். அவர் அந்த இடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் ஸ்டோன்ஸ் முட்டிய நேரத்தில் அவர் கோல்கீப்பரின் பார்வைக் கோட்டில் இல்லை. காணொளியில் முடிவுகளைச் சரிபார்க்கும் நடுவரான வி.ஏ.ஆர். அழைத்து, களத்தில் இருந்த நடுவர் கிறிஸ் கவானா திரையில் பார்த்த பிறகு கோல் கிடைத்தது. இடம் பற்றிய கேள்விக்கும் பாதிப்பு பற்றிய கேள்விக்கும் ஒரே பதில் இருக்காது என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிவிட்டது.

ஆட்டத்துக்கு முந்தைய அரை மணி

இவ்வளவையும் ஆட்டத்தின் நடுவே கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் உடை மாற்றும் அறையில் நடக்கும் முன்பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. எந்தப் பகுதி த்ரோ-இன் யாருடையது, பெனால்டி பாக்ஸின் விளிம்பில் நடக்கும் ஃபவுல் உள்ளேயா வெளியேயா என்று யார் சொல்வது, அட்டை காட்டும்போது யார் யார் நம்பரைக் குறித்துக்கொள்வது, மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது யார் எண்ணிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசிவிடுவார்கள்.

அந்தப் பேச்சின் தொனியும் முக்கியம் என்று நினைக்கிறேன். நடுவர் மட்டும் பட்டியல் வாசித்துவிட்டு 'சரிதானே?' என்று முடித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'நீங்கள் பக்கத்தில் இருந்து, உறுதியாகத் தெரிந்தால், நான் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்' என்று நடுவர் வாயாலேயே வர வேண்டும். முதல் உலகப் போட்டிக்கு வந்திருக்கும் இளம் துணை நடுவர், இருபது வருட அனுபவம் உள்ள நடுவரிடம் 'நீங்கள் சொன்னது தவறு' என்று எண்பதாயிரம் பேர் முன்னால் சொல்ல வேண்டிய நொடி வரலாம். அதற்கான அனுமதியை முன்பே கொடுத்திருந்தால்தான் வாய் திறக்கும்.

ஹெட்செட் வந்த பிறகு

முதலில் வந்தது கொடியின் பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் நடுவரின் கையில் கட்டியிருக்கும் கருவி ஒலிக்கும் அல்லது அதிரும். 'இங்கே பாருங்கள்' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 2006 உலகக் கோப்பையில் நடுவர்கள் ஹெட்செட் அணிந்தார்கள். பேசக் கருவி கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அதே உலகக் கோப்பை அதற்கு இரண்டு எதிரெதிர்ப் பதில்களைத் தந்தது.

ஜூன் 22, ஸ்டுட்கார்ட், குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும். இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் 3ஆம் நம்பர் யோசிப் சிமுனிச்சுக்கு 61ஆவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை காட்டினார். 90ஆவது நிமிடத்தில் இன்னொன்று. அவர் வெளியேறியிருக்க வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் மூன்றாவது மஞ்சள் காட்டிய பிறகுதான் சிவப்பு வந்தது. முன்பு காட்டியவற்றில் ஒன்றைக் கிரஹாம் போல் ஆஸ்திரேலியாவின் 3ஆம் நம்பரின் கணக்கில் எழுதியிருந்தார். சிமுனிச் ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர், பேச்சும் அந்த ஊர் உச்சரிப்பு. ஒரு குறிப்பேட்டில் ஒரு தவறு நடப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இரண்டு துணை நடுவர்களும், மைதானத்துக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவரும் அதே ஒலித்தொடர்பில் இருந்தார்கள். இரண்டாவது அட்டை காட்டியபோது 'இது அவருக்கு இரண்டாவது' என்று ஒரு குரலும் நேரத்துக்கு எழவில்லை. பழி முழுவதும் கிரஹாம் போலின் தலையில் விழுந்தது.

ஜூலை 9, பெர்லின், இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில், 110ஆவது நிமிட வாக்கில், பந்து வேறு எங்கோ இருந்தபோது ஜினெதின் ஜிதான் இத்தாலியின் மார்கோ மட்டெராசியின் மார்பில் தலையால் முட்டினார். அர்ஜென்டினா நடுவர் ஹொராசியோ எலிசோண்டோ அதைப் பார்க்கவில்லை. ஓர் ஆள் தரையில் கிடப்பது மட்டும் தெரிந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஹெட்செட்டில் கேட்டார். ஒரு துணை நடுவர் பார்க்கவில்லை என்றார், மற்றவரும் பார்க்கவில்லை என்றார். நான்காவது நடுவரான ஸ்பெயினின் லூயிஸ் மெதினா காந்தலெஹோ பார்த்திருந்தார், நடந்ததைச் சொன்னார். உலகக் கோப்பை இறுதியில், தன் கடைசி ஆட்டம் ஆடும் மாபெரும் ஆட்டக்காரருக்கு, தான் நேரில் பார்க்காத குற்றத்துக்காக எலிசோண்டோ சிவப்பு அட்டை காட்டினார். மெதினா காந்தலெஹோ திரையில் பார்த்துச் சொன்னாரோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார் என்று ஃபிஃபா பதில் தந்தது.

எலிசோண்டோ ஒவ்வொருவரையும் கேட்டார் என்பதையும், பார்க்காத இருவரும் 'பார்க்கவில்லை' என்று நேராகச் சொன்னார்கள் என்பதையும் நான் மிகவும் மதிக்கிறேன். இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகத்தைக் கலந்திருந்தால், மூன்றாவது குரலின் உறுதி குலைந்துபோயிருக்கும்.

ஹெட்செட்டில் பேசுவதற்கும் ஒழுங்கு வேண்டும். அரங்கத்தின் இரைச்சலில் 'நோ பெனால்டி' என்று சொன்னால், 'நோ' விழுங்கப்பட்டு 'பெனால்டி' மட்டும் காதில் விழலாம். அதனால் 'ஆட்டம் தொடரட்டும்' என்பதுபோல, எந்தப் பாதி அறுந்தாலும் எதிர்ப்பொருள் தராத சொல்லைப் பயன்படுத்த வேண்டும். நிறம், நம்பர், குற்றம் என்ற வரிசையில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். முக்கியமானதை இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதில் கடைசிதான் பழகக் கடினம்.

'செக் கம்ப்ளீட்'

2018 மார்ச்சில் விதிகளை வகுக்கும் வாரியமான ஐ.எஃப்.ஏ.பி. வி.ஏ.ஆர். முறைக்கு ஒப்புதல் கொடுத்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான ஆளுக்கு அட்டை காட்டுவது என்ற நான்கு விஷயங்களில் மட்டும், தெளிவான தவறு நடந்திருந்தால் காணொளி அறையில் இருப்பவர் நடுவருக்குச் சொல்லலாம் என்று அப்போது வகுத்தார்கள். இப்போது பேச்சு மைதானத்தையும் தாண்டி இன்னொரு அறைக்குப் போகிறது. அங்கே இருப்பவருக்கு மைதானத்தின் சூழல் தெரியாது. மைதானத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாது.

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் ஒரு கோல் போட்டார். துணை நடுவர் கொடி தூக்கினார், களத்தில் முடிவு ஆஃப்சைடு. காணொளி அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். டியாஸ் ஆஃப்சைடு இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. வி.ஏ.ஆர். பொறுப்பில் இருந்த டேரன் இங்லண்ட் 'செக் கம்ப்ளீட்' என்றார். களத்தின் முடிவு சரி என்று அதற்கு அர்த்தம். களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். களத்தில் இருந்தவர்களோ தங்கள் ஆஃப்சைடு முடிவு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீ கிக் அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அறையில் இருந்த ரீப்ளே இயக்குநருக்குப் பொறி தட்டியது. களத்தின் முடிவு ஆஃப்சைடு அல்லவா, இது உங்களுக்குச் சரிதானா என்று கேட்டார். அறைக்குள் பதற்றம். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்ட பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பழைய முடிவைத் திரும்ப எடுக்க விதியில் இடம் இல்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாது என்று விட்டுவிட்டார்கள். டாட்டன்ஹாம் 2-1 என்று வென்றது.

இந்த நிகழ்வில் கேமரா சரியாக வேலை செய்தது, கோடு சரியான இடத்தில் விழுந்தது, அதைப் பார்த்தவர்கள் சரியாகப் படித்தார்கள். உடைந்தது ஒரே ஒரு இடம்தான். 'களத்தில் ஆஃப்சைடு கொடுத்திருக்கிறோம்' என்ற வாக்கியம் அறையில் இருந்தவர் மனதில் பதியவில்லை. 'கோல் சரி' என்று முடிவின் பெயரைச் சொல்லாமல் 'செக் கம்ப்ளீட்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். முடிவைப் பெயர் சொல்லி அறிவித்திருந்தால், கேட்ட அந்த நொடியிலேயே நடுவர் சைமன் ஹூப்பர் 'என்னது, கோலா?' என்று கேட்டிருப்பார்.

இங்கிலாந்தின் நடுவர் அமைப்பான பி.ஜி.எம்.ஓ.எல். சில நாட்களில் அந்த ஒலிப்பதிவை அப்படியே வெளியிட்டது. வி.ஏ.ஆர். தன் முடிவைக் களத்துக்குச் சொல்லும் முன் பக்கத்தில் இருக்கும் துணையோடு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும், வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் அறிவித்தது. ஒலிப்பதிவை வெளியிட்டது மிகச் சரியான செயல். உலகம் முழுவதும் உள்ள நடுவர்களுக்கு ஒரு பாடத்தைக் காதாலேயே கேட்கக் கிடைத்தது.

மொழி, அப்புறம் மௌனம்

1966 இறுதி ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தபோது, சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃபிரீட் டீன்ஸ்ட் லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவிடம் ஓடினார். பஹ்ராமோவ் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அஜர்பைஜானைச் சேர்ந்தவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. தலையசைப்பும் கையசைப்புமாக நடந்த அந்தப் பேச்சில் இங்கிலாந்துக்குக் கோல் கிடைத்தது. பந்து கோட்டைத் தாண்டியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 'எவ்வளவு உறுதியாகத் தெரியும்?' என்று கேட்கக்கூட வழியில்லாத நிலையில் உலகக் கோப்பை இறுதி நடந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

2002 வரைகூட வெவ்வேறு கண்டத்தவர்களை ஒரே ஆட்டத்துக்குச் சேர்த்துவிடும் வழக்கம் இருந்தது. 2006 முதல் ஒரே நாடு அல்லது ஒரே பகுதியிலிருந்து வரும் மூவர் குழுவாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்தே வேலை செய்பவர்களுக்கு ஓடும் விதத்திலேயே ஒருவர் மனது இன்னொருவருக்குத் தெரியும். ஆனால் ஒரே நாடாக இருந்தால்தான் முடியும் என்பதும் இல்லை. 2022 டிசம்பர் 1 அன்று கோஸ்டா ரிகா - ஜெர்மனி ஆட்டத்தை நடத்திய ஸ்டெஃபானி ஃபிரப்பார் பிரான்சைச் சேர்ந்தவர். துணை நடுவர்கள் நேயுசா பாக் பிரேசிலையும் கரேன் டியாஸ் மெதினா மெக்சிகோவையும் சேர்ந்தவர்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் களத்தில் மூவரும் பெண்களாக இருந்த முதல் ஆட்டம் அது. மூவர் தாய்மொழியும் வேறு.

மௌனம் இப்போது விதியாகவே ஓரிடத்தில் நுழைந்திருக்கிறது. வி.ஏ.ஆர். உள்ள ஆட்டங்களில், கோல் விழும் வாய்ப்பு தெளிவாக இருக்கும்போது துணை நடுவர் ஆஃப்சைடு கொடியைத் தாமதிக்க வேண்டும். தவறாகத் தூக்கிவிட்டால் நல்ல கோலைத் திரும்பக் கொடுக்க முடியாது என்பது காரணம். காரணம் நியாயமானது, ஆனால் விலையும் இருக்கிறது. 2025 மே மாதம் லெஸ்டருக்கு எதிரான ஆட்டத்தில், ஆஃப்சைடு கொடி தாமதமான ஒரு தாக்குதலின் முடிவில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் தைவோ அவோனியி கோல் கம்பத்தில் மோதி வயிற்றில் கடுமையாக அடிபட்டார். மயக்க நிலையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. ஆஃப்சைடு கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும்போது காத்திருக்க வேண்டியதில்லை என்று விதியும் சொல்கிறது. எந்த அளவு தெளிவு போதும் என்பதை அந்தந்தக் குழு முன்பேச்சிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. 2025 கிளப் உலகக் கோப்பையில் தெளிவான ஆஃப்சைடு என்றால் தானியங்கி எச்சரிக்கை துணை நடுவரின் காதுக்கே போகும்படி செய்தார்கள். தாமதத்தைக் குறைக்க அது உதவும்.

ஆட்டம் முடிந்த பிறகு

விதிப்புத்தகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு எனக்குப் பிடிக்கும். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய குற்றத்துக்கு அட்டை காட்ட முடியாது என்பது பொது விதி. ஆனால் தொடங்கும் முன்பே வேறொரு நடுவர் அந்தக் குற்றத்தைக் கண்டு, நடுவரிடம் சொல்ல முயன்றிருந்தால், தொடங்கிய பிறகும் அட்டை காட்டலாம். கொடி உயர்ந்திருந்தது, நடுவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சொல்ல எடுத்த முயற்சிக்கே சட்டத்தில் மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மதிப்பைக் குழுக்கள் தங்களுக்குள்ளும் கொடுத்துக்கொள்ள வேண்டிய இடம், ஆட்டம் முடிந்த பிறகு அறையில் நடக்கும் பேச்சு. கார்னர் கிக் ஒன்றில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? இரண்டாம் பாதியில் நீங்கள் என் பக்கம் பார்ப்பதே குறைந்துவிட்டது, ஏன்? அந்த ஆஃப்சைடில் எனக்கு முழு உறுதி இல்லை, ஆனால் உறுதியான குரலில் சொல்லிவிட்டேன். இப்படிப் பேசிக்கொள்ளும் குழுவுக்கு அடுத்த ஆட்டத்தின் முன்பேச்சு பாதி எழுதப்பட்டுவிடும். ஹெட்செட் இல்லாத, கொடியும் கண்ணும் மட்டும் உள்ள சின்ன ஆட்டங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அங்கே ரீப்ளே இல்லை, ஒலிப்பதிவு இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இருக்கும் மூன்று பேர்தான், ஆகவே வண்டி ஏறும் முன் அவர்கள் பேசிவிட வேண்டும்.